பசை இறுகுவதற்குள்

கல்மண்டபத்தில் கோல்ஃப் ஸ்டிக் ரிப்பேர் செய்கிற ஒருவர் இருக்கிறார் என்று சொன்னால் ராயபுரத்துக்காரர்களே சிரிப்பார்கள். இங்கே வலை பின்னுகிறவர் உண்டு, படகுக்கு ஓட்டை அடைக்கிறவர் உண்டு, லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவர் உண்டு. கோல்ஃப் ஆடுகிறவன் இந்தப் பக்கம் காரை நிறுத்தக்கூட மாட்டான். ஆனாலும் உசேன் பாய் பதினைந்து வருஷமாக அந்த வேலையைத்தான் செய்கிறார், என் கடைக்கு நேர் எதிரே, எட்டடிச் சந்துக்கு அந்தப் பக்கம். நான் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவன். பெயர் ராமசுப்பு. ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் பாய்க்கு நான் அண்ணாச்சி. எனக்கு வாய் நீளம், கோபம் மூக்குக்கு மேலே என்று என் வீட்டில் சொல்வார்கள். பேச வேண்டிய காலத்தில் அந்த நீள வாய் எங்கே போயிருந்தது என்று என்னையே நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாய் ஆரம்பத்தில் காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பசை கலப்பது, இறுகும்வரை பொறுப்பது, தேய்த்து வழவழப்பாக்குவது எல்லாம் அங்கே பழகியது. துறைமுகத்தில் ஏலம் போன சரக்கிலிருந்து ஒரு வியாபாரி பழைய கோல்ஃப் ஸ்டிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "படகையே ஒட்டுற, இது ஒட்டாதா?" என்று கேட்டிருக்கிறான். ஒட்டியது. அந்த ஸ்டிக்குகள் கைமாறிப் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்துதான் அம்புரோஸ் பாயைத் தேடி வந்தான். ராயபுரத்திலேயே பிறந்தவன். தெற்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. வாரா வாரம் உடைந்தவற்றை பைக்கில் கட்டிக்கொண்டு வருவான், ஒட்டியவற்றை எடுத்துப் போவான். ஆடுகிற பெரிய மனிதர்கள் யாரும் பாயைப் பார்த்ததில்லை. ராயபுரத்திலிருந்து வருகிற ஸ்டிக் இம்மி பிசகாது என்று மட்டும் அங்கே பேச்சாம். அம்புரோஸ் அதை வந்து சொல்லும்போது பாய் காதில் விழாதவர் மாதிரி தாடியைத் தடவிக்கொண்டிருப்பார். எத்தனை தடவை சொன்னாலும் அதே நடிப்புதான்.

ஒட்டுவதில் வித்தை இல்லை. ஒட்டிய தலையைத் திரும்பாமல் வைத்திருப்பதில்தான் வித்தை. ஸ்டிக்கின் பிடியில் முதுகுப்பக்கம் மெல்லிய வரி ஒன்று மேடாக ஓடும். ஆடுகிறவனுடைய விரல் அதை நம்பித்தான் பிடிக்கிறது. கீழே இரும்புத் தலையின் விளிம்பு அந்த வரிக்குச் சரியான குறுக்காக நிற்க வேண்டும். ஒரு நூல் திரும்பினால் போதும், பந்து எங்கேயோ போய் விழும். இரண்டு டியூப்பில் வருகிற பசையைச் சம அளவு கலந்து, தண்டின் நுனியில் தடவித் தலையைச் செருகினால், முதல் அரைமணி நேரம் பசை தேன் பதத்தில் இருக்கும். அதற்குள் தலையை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். அரைமணி தாண்டினால் பிடித்துக்கொள்ளும். பிறகு மறுநாள் வரைக்கும் யாரும் தொடக் கூடாது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால்தான் பாய் தலைகளைச் செருகுவார். ஒவ்வொன்றாகத் தூக்கி, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் பிடியிலிருந்து தலைவரை ஒரு பார்வை. லேசாக ஒரு திருப்பு. சுவரோடு வரிசையாகச் சாய்த்து, தலைகள் நகராமல் ரப்பர் துண்டு அண்டக் கொடுத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவார். தொழுது, டீ குடித்து, நாலு பேரிடம் பேசி வர முக்கால் மணி ஆகும்.

"பசை காயுற நேரத்துல பக்கத்துல இருக்க வேண்டாமா பாய்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு தபா பாத்தா பாத்ததுதான் அண்ணாச்சி. பக்கத்துல குந்திகினு இருந்தா கை சும்மா இருக்காது. தொட்டுகினே இருப்போம். தொட்டா கோணிடும்" என்றார்.

அவர் மனைவி மலிகா அதே முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பாள். ஒரே மகள் உமைமாவைக் கொருக்குப்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மலிகா அதிகம் பேச மாட்டாள். பாய் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முதன்முதலாக ஒரு ஸ்டிக் திரும்பி வந்தது. தலை கோணலாம். பாய் வாங்கி, வழக்கம்போல் வலது கண்ணால் பார்த்தார். "நேரா தானே கீது? உங்க சாருக்கு ஆடத் தெரியல, ஸ்டிக்க கொற சொல்றாரா?" என்று அம்புரோஸை விரட்டினார். மெஷினை நிறுத்திவிட்டு மலிகா மெல்லச் சொன்னாள்: "இன்னாங்க, கொஞ்சூண்டு சாஞ்சாப்ல தெரியுதுங்களே."

"துணி தைக்கிறவ துணியப் பாரு. இதப்பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

சந்து முழுக்கக் கேட்டது. மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. எனக்கும் இடத்தை விட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பாய் பள்ளிவாசலுக்குப் போனதும் மலிகா வாசலுக்கு வந்து சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். உள்ளே போய், துணி வெட்டுகிற எல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஸ்டிக்காக மடியில் சாய்த்து, ஸ்கேலின் ஒரு காலைப் பிடியின் வரியோடும் மறு காலைத் தலையின் விளிம்போடும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் தலையைத் திருப்பினாள். குழந்தையின் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்புவது போல அவ்வளவு பதமாக. அண்டக் கொடுத்திருந்த ரப்பரை இருந்த இடத்திலேயே மறுபடி செருகினாள். நிமிர்ந்தபோது நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு முகம் வெளுத்துப்போயிற்று. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அவராண்ட சொல்லிடாதீங்க."

"எத்தனை நாளைக்கும்மா இப்படி?"

"அல்லா எத்தினி நாள் வுடறானோ அத்தினி நாள். அவருக்கு சொத்துன்னு கீறது அந்தப் பேரு ஒண்ணுதாண்ணே. அதுவும் போச்சுன்னா மனுசன் படுத்துக்குவாரு."

சரி என்று தலையாட்டினேன். ஒரு நல்ல காரியத்துக்குக் காவல் இருக்கிறோம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மலிகா மூன்று வருஷம் மறைத்தாள். பரிமாறுகிறவள் அவள், சாப்பிடுகிறவர் தட்டைப் பார்க்காத மனிதர். அந்த மூன்று வருஷத்தில் ஒரு ஸ்டிக்கும் திரும்பி வரவில்லை. ராயபுரத்து ஸ்டிக்கைப் பற்றி அம்புரோஸ் சொல்லச் சொல்ல, பாய் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒரே ஒரு நாள் மாட்டிக்கொண்டாள். பாய் தொப்பியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தார், கூடவே அம்புரோஸும் வந்தான். அவள் கை ஒரு தலையின் மேல் இருந்தது. ஸ்கேலைப் புடவைக்குள் எப்படி மறைத்தாளோ தெரியாது. பாய் ஆடித் தீர்த்துவிட்டார். "சொல்லிகீறேன்ல, தொடாதன்னு? உன் கை பட்டுதான் அன்னிக்கி அது கோணிச்சு! அம்புரோஸு, பாத்துக்க நைனா, இவதான் காரணம்!" அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "தூசி தட்னேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மலிகா உள்ளே போனாள். ஒன்பது நாள் பாய் அவளோடு பேசவில்லை. அந்த ஒன்பது நாளும் அஸருக்கு அவர் தலை மறைந்ததும் அவள் ஸ்கேலை எடுத்தாள். நான் பார்த்தேன். வாயைத்தான் திறக்கவில்லை.

போன கார்த்திகையில் விடாமல் மழை கொட்டிய ஒரு விடிகாலை, மலிகா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். சந்தில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ உள்ளே வரவில்லை. நானும் பாயும் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. அன்று மாலையே அடக்கம். பாய் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், "குந்துங்க, குந்துங்க" என்று.

உமைமா நாற்பதாம் நாள் பாத்திஹா வரைக்கும் அப்பாவோடு இருந்தாள். பத்து நாளில் பாய் வேலையைத் தொடங்கிவிட்டார். முதல் நாள் அவர் பள்ளிவாசலுக்குப் போனதும் உமைமா ஸ்கேலோடு சுவரோரம் உட்கார்ந்தாள். மகளிடம் மட்டும் அம்மா சொல்லி வைத்திருக்கிறாள், எப்படித் திருப்புவது என்றும் காட்டிக் கொடுத்திருக்கிறாள். புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிற அன்று உமைமா என்னிடம் வந்தாள்.

"அத்தாகிட்ட நீங்களே சொல்லிடுங்க அண்ணாச்சி. கண்ண டாக்டராண்ட காட்டச் சொல்லுங்க. என்னால முடியல. அம்மாவ நெனச்சுகினு அவரு மூஞ்சியப் பாத்தா வாயே வரல."

"நான் பார்த்துக்கிறேன், நீ போம்மா" என்றேன். பெரிதாகச் சொல்லிவிட்டேனே தவிர, இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவரிடம் போய், உன் பெயரும் உன்னுடையது இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

மாசியில் இரண்டு ஸ்டிக் திரும்பி வந்தன. பாய் சண்டை போட்டார். அம்புரோஸ் என் கடையிலிருந்து மூலைமட்டத்தை வாங்கிப் போய் வைத்துக் காட்டினான். தலைக்கும் மட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அடுத்த வாரம் நான்கு வந்தன. பசை மட்டம் என்று வேறு பசை வாங்கினார். கன்டெய்னர் லாரி போகும்போது தரை அதிருகிறது என்று ஸ்டிக்குகளுக்கு அடியில் ஃபோம் போட்டார். அப்படியும் வந்தன. கடைசியில், பக்கத்தில் இருக்கக் கூடாது என்ற தன் விதியைத் தானே உடைத்து, அஸருக்குப் பள்ளிவாசல் போவதையும் நிறுத்தினார். வீட்டிலேயே தொழுதுவிட்டு, பசை இறுகும்வரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்த வலது கண்ணால் திரும்பத் திரும்பப் பார்த்து, திரும்பத் திரும்பத் திருப்பினார். கோணல் கூடத்தான் செய்தது. அவர் இளைத்துக்கொண்டே போனார். உமைமா கூப்பிட்டும் கொருக்குப்பேட்டைக்குப் போகவில்லை. "வேல கீது" என்பார்.

சித்திரையில் அம்புரோஸ் ஏழு இரும்புத் தலை ஸ்டிக் கொண்டுவந்தான். எல்லாம் ஒரே ஆளுடையது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "பாய், மனசுல வச்சுக்காதீங்க. இதுவும் கோணுச்சுன்னா வேற ஆளாண்ட குடுக்கச் சொல்லிட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் பாய் ஏழையும் ஒட்டிச் சுவரோடு நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் டீ வாங்கிக்கொண்டு போனேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஸ்டிக்குகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவ இருந்தப்ப சும்மா சும்மா கைய வச்சுகினே இருப்பா. அப்பகூட கோணல. இப்ப தொடறதுக்கு வூட்ல ஆளே இல்ல. இப்ப கோணுது. இன்னா கூத்து பாத்தீங்களா அண்ணாச்சி?"

எனக்குள் ஏதோ அறுந்துபோயிற்று. மூன்று வருஷம் அடக்கி வைத்தது ஒரே மூச்சில் வந்தது. "அவ கை வச்சதாலதான்யா கோணாம இருந்துச்சு! கோணல் உங்க கண்ணுல இருக்கு. நீங்க கோணலா வச்சுட்டுத் தொழப் போனதையெல்லாம் அவதான் நேராக்கினா. எல் ஸ்கேல் வச்சு, ஒண்ணொண்ணா. மூணு வருஷமா. எதுத்தாப்ல உக்காந்து நான் பாத்தேன்!"

பாய் எழுந்துவிட்டார். "மவுத்தாகி மண்ணுக்குப் போனவள வச்சி வெளையாடாதீங்க."

நான் அவர் கையைப் பிடித்துச் சந்தைத் தாண்டி இழுத்துவந்தேன். கடை வாசலில் புதிதாக முடித்து வைத்திருந்த பெரிய சட்டம் ஒன்று நின்றது. அதன் முன்னால் நிறுத்தி, என் உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணை மூடினேன். "இப்ப சொல்லுங்க. ஓரம் எப்படி இருக்கு?"

"மரம் வளைஞ்சு கீது. நடுவுல குழியாட்டம்."

கையை எடுத்து வலது கண்ணை மூடினேன்.

மூடியிருந்த கண்ணின் நீரில் என் உள்ளங்கை நனைந்தது. "நேரா கீது அண்ணாச்சி" என்றார்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மூடி மறைத்திருக்கிறது. ஸ்டிக் பார்க்கும்போது மட்டும் நல்ல கண்ணை மூடிக்கொண்டு கெட்ட கண்ணை நம்பியிருக்கிறார் மனிதர்.

"எல்லாமேவா? அந்த ஒம்போது நாளுமா?" என்று கேட்டார்.

"அந்த ஒன்பது நாளும்தான் பாய்."

அவர் அங்கேயே சரிந்து உட்காரப் பார்த்தார். நான் விடவில்லை. சொன்னால் கல்நெஞ்சக்காரன் என்பீர்கள். ஆனால் பசை கலந்து கால் மணிக்கு மேல் ஆகியிருந்தது. "அழுறதுக்கு ராத்திரி முழுக்க இருக்கு. அது இறுகிடும், போங்க" என்று தள்ளினேன். போனார். மலிகாவின் மெஷின் டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வலது கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் ஸ்டிக்கைத் தூக்கினார். திருப்பினார். இடது கண்ணில் நீர் நிறைந்து மறைத்தது. தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவதில் பசை கனத்துவிட்டது, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஏழாவது தலை கடைசி இம்மியில் நகர மறுத்தது. "வாடி, வந்துடு" என்று கெஞ்சினார். யாரைக் கெஞ்சினாரோ. தலை நகர்ந்தது.

ஏழும் நேர். அம்புரோஸ் மைதானத்திலிருந்தே போன் செய்து சொன்னான், வேலை எங்கேயும் போகவில்லை. உமைமா அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள், துணைக்கு நானும் போனேன். சர்க்கரை வியாதியால் வலது விழிக்குள் நீர் கோத்துவிட்டது, மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். இடது கண்ணையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மலிகாவும் நானும் அன்போடு மூடி வைத்த விஷயம் அவருடைய ஒரு கண்ணைத் தின்றுவிட்டது. அதை டாக்டர் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

உமைமாவை பஸ் ஏற்றிவிட்டு வருகிற வழியில், ஆட்டோவில், அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பாய் என் முழங்காலைத் தட்டினார்.

"உங்க மேல இன்னா தப்பு? அன்னிக்கி அவள கையும் களவுமா நான்தானே புடிச்சேன். புடிச்சிட்டு இன்னா கேட்டேன்? கத்துனேன். 'இன்னா மலிகா பண்ணிகினு கீற?'ன்னு சும்மா ஒரு வார்த்த, மெதுவா, கேட்டிருந்தா சொல்லியிருப்பா இல்ல?"

இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு வரவில்லை.

"சொல்லியிருப்பா பாய்" என்றேன்.

அடக்கத்தன்று அழாத மனிதர், ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வாய்விட்டு அழுதார். கல்மண்டபம் வந்தும் இறங்கவில்லை. நானும் இறங்கச் சொல்லவில்லை.